மரணத்தோடு பழகுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு தேடிச் சென்று கவனிக்கும் ஆதரவு சிகிச்சைக் குழு ஒன்றில் தன்னார்வலராக இருக்கிறேன். தீராத நோயில் இருப்பவர்களின் வீடுகளுக்குச் செவிலியருடன் போவோம். அவர் உள்ளே புண்ணுக்குக் கட்டுப்போடும் நேரத்தில் வீட்டார் என்னிடம் பேசுவார்கள். பெரும்பாலும் சமையலறை வாசலில் நின்று, படுத்திருப்பவருக்குக் கேட்காத குரலில். சாவை நினைத்துப் பழகும் மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சியைப் பற்றியும், கடைசி நாள்களைப் பற்றியும் அங்கே திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. மருந்து, சிகிச்சை பற்றிய முடிவுகளை உங்கள் மருத்துவரிடம் பேசியே எடுங்கள்.

சாவைப் பற்றி நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. அதைப் போய் எதற்கு வலிய நினைக்க வேண்டும்?

நினைக்காமல் இருப்பதால் அந்தப் பயம் போய்விடுவதில்லை. வேறு வேடத்தில் வருகிறது. நோயாளியின் அறைக்குள் வராமல் மருந்துக் கடைக்கும் ஆய்வகத்துக்குமாக ஓடிக்கொண்டே இருக்கும் மகன்களைப் பல வீடுகளில் பார்க்கிறேன். அவர்களுக்குப் பாசத்தில் குறைவில்லை. அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். நாள்கள் அப்படியே கழிந்து, பேச வேண்டியதைப் பேசாமலே அப்பா போய்விடுகிறார்.

இந்தப் பயிற்சியால் கிடைப்பது, பயம் இருக்கும்போதே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தெம்பு. பயத்தை வேரோடு பிடுங்கித் தருவதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மைண்ட்ஃபுல்னஸ் என்றால் கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பதுதானே? அதற்கும் சாவுக்கும் என்ன சம்பந்தம்?

மூச்சு தொடக்கம். இந்த நேரத்தில் உடம்பில் என்ன நடக்கிறது, மனத்தில் என்ன ஓடுகிறது என்பதைத் தள்ளிவிடாமலும், அதன் பின்னாலேயே போய்விடாமலும் அறிந்துகொண்டிருப்பது இந்தப் பயிற்சி. பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் இதற்குப் பெயர் சதி; விழிப்போடு கவனத்தில் வைத்திருப்பது என்று பொருள். இதைக் கற்பிக்கும் மூல நூலான சதிபட்டான சூத்திரம் மூச்சில் தொடங்கி, நிற்பது நடப்பது உட்கார்வது படுப்பது என்று போய், சுடுகாட்டில் கிடக்கும் பிணம் அழியும் ஒன்பது நிலைகளையும் பார்க்கச் சொல்கிறது. இறப்பைக் கவனிப்பதற்கென்றே மரணசதி என்று தனிப் பயிற்சியும் உண்டு. அலுவலக மன அழுத்தத்துக்காக நடத்தப்படும் வகுப்புகளில் இந்தப் பகுதியைப் பெரும்பாலும் சொல்வதில்லை. அதனால்தான் சம்பந்தம் இல்லாததுபோல் தோன்றுகிறது.

இன்றைய மருத்துவமனைகளுக்கு இது வந்த வழியும் நோயின் வழிதான். 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஜின் இதைத் தொடங்கியபோது, அவரிடம் வந்தவர்களில் பலர் எந்த மருந்துக்கும் அடங்காத நாள்பட்ட வலியோடு வந்தவர்கள்.

இது பௌத்தர்கள் வழி. நாங்கள் சாமி கும்பிடுகிறவர்கள். செய்யலாமா?

தாராளமாக. மூச்சைக் கவனிக்க மதம் மாற வேண்டியதில்லை. 1896 ஜூலையில் மதுரையில் சித்தப்பா வீட்டு மாடியில், பதினாறு வயதுச் சிறுவன் வேங்கடராமனைத் திடீரென்று சாவுப் பயம் பிடித்தது. அவன் யாரையும் கூப்பிடவில்லை. தரையில் படுத்து, கை கால்களை விறைத்து, உதட்டை இறுக மூடி, பிணம்போலவே கிடந்து, செத்துப்போவது எது என்று உள்ளே பார்த்தான். சில வாரங்களில் திருவண்ணாமலைக்குப் போன அவனைத்தான் ரமண மகரிஷி என்கிறோம். அவர் செய்த விசாரணை வேறு, பௌத்தப் பயிற்சி வேறு. ஆனால் பயம் வந்தபோது அதற்கு முதுகைக் காட்டாமல் முகத்தைக் காட்டியது இரண்டுக்கும் பொது.

கிறிஸ்தவ வீடுகளில் மண்ணுக்கே திரும்புவாய் என்று நினைவூட்டும் சாம்பல் புதனையும், முஸ்லிம் வீடுகளில் மவ்த்தை, அதாவது மரணத்தை, நினைப்பதையும் சொல்வார்கள். அவரவர் ஜபத்தோடும் தொழுகையோடும் சேர்த்துச் செய்பவர்களை அறிவேன். ஒன்றும் கெட்டுவிடவில்லை.

நிலையாமை எல்லாம் திருக்குறளிலேயே இருக்கிறதே. படித்தாயிற்று. இனி என்ன புதிதாகச் செய்ய?

34ஆம் அதிகாரத்தை மனப்பாடமாகச் சொல்லும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தமது ஸ்கேன் முடிவு இருந்த உறையைப் பல நாள் பிரிக்காமலே அலமாரியில் வைத்திருந்தார். அவருக்குக் குறள் புரியாமல் இல்லை. ஊரில் எல்லோரும் சாவார்கள் என்பது அவருக்குத் தெரியும். தம்முடைய உடம்பும் அந்தக் கணக்கில் சேரும் என்பது தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. அதை இறக்குவதற்குத்தான் பயிற்சி.

சரி, எப்படித்தான் செய்வது?

நாதிகம் என்ற ஊரில், செங்கல்லால் கட்டிய மண்டபத்தில் தங்கியிருந்த துறவிகளிடம் புத்தர் இதையே விசாரித்ததாக, அவருடைய உரைகளின் பாலித் தொகுப்புகளில் ஒன்றான அங்குத்தர நிகாயத்தில் ஒரு பகுதி வருகிறது. நீங்கள் மரணத்தை எப்படி நினைக்கிறீர்கள் என்று கேட்கிறார். ஒருவர், இன்னும் ஒரு பகலும் இரவும் உயிரோடிருப்பேனா என்று நினைப்பதாகச் சொல்கிறார். இன்னொருவர், ஒரு வேளை உணவை உண்டு முடிக்கும்வரை என்கிறார். மற்றொருவர், நாலைந்து கவளம் விழுங்கும்வரை. இவர்களெல்லாம் அசட்டையாக இருக்கிறார்கள் என்றார் புத்தர். ஒரு கவளம் மென்று விழுங்கும்வரை என்றவரையும், உள்ளே போன மூச்சு வெளியே வரும்வரை, வெளியே போனது உள்ளே வரும்வரை என்றவரையும்தான் விழிப்போடு இருப்பதாகச் சொன்னார்.

அதை வீட்டில் இப்படிச் செய்யலாம். பகல் வெளிச்சத்தில் நாற்காலியில் உட்காருங்கள். பாதம் இரண்டும் தரையில் படட்டும். சிறிது நேரம் மூச்சு போகும் வழியைச் சும்மா கவனியுங்கள். பிறகு மூச்சு முழுவதும் வெளியேறும் இடத்துக்கு வாருங்கள். அடுத்த மூச்சு கிளம்புவதற்கு முன் சின்ன இடைவெளி ஒன்று இருக்கும். அந்த இடத்தில், "அடுத்தது வரும் என்று உறுதி இல்லை" என்று மட்டும் மனத்துக்குள் சொல்லுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். அது தானாக உள்ளே வரும். வரும்போது மூக்கு நுனியில் குளிர்ச்சி தெரியும். மூன்று நான்கு மூச்சு போதும். நெஞ்சு இறுகினால் இறுகுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், தொண்டை அடைத்தால் அடைக்கிறது என்று. பிறகு கவனத்தைப் பாதங்களுக்குக் கொண்டுவந்து, தரையின் கெட்டியைக் கொஞ்ச நேரம் உணர்ந்துவிட்டு எழுந்திருங்கள். இரவில் படுக்கையில் இதைச் செய்யாதீர்கள், தூக்கம் கெடும்.

உட்கார நேரமே இல்லை என்பவர்களுக்கு இன்னொன்று. வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது, சாவியைத் திருப்பும் அந்த ஒரு நொடியில், திரும்பி வருவேன் என்பது உறுதியில்லை என்று நினையுங்கள். நினைத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போங்கள்.

செய்ய ஆரம்பித்த பிறகு பயம் அதிகமாகிவிட்டது. தப்பாகச் செய்கிறேனா?

தொடக்கத்தில் கூடுவது இயல்பு. இத்தனை நாள் மூடி வைத்தது தெரிகிறது. மரணத்தை நினைக்கும் நேரத்தைக் குறைத்து, பாதத்தைக் கவனிக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். பத்து நாளாகியும் அடங்காவிட்டால், தூக்கம் போய்விட்டால், நிறுத்திவிடுங்கள். அதில் தோல்வி ஒன்றும் இல்லை.

இதைப் பற்றி மிக வெளிப்படையாக எச்சரிப்பது பௌத்த நூல்களே. வைசாலியில் புத்தர் உடலின் அருவருப்பைத் தியானிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு இரண்டு வாரம் தனிமைக்குப் போகிறார். திரும்பி வந்தால் துறவிகள் கூட்டம் இளைத்துக் கிடக்கிறது. பலர் உடம்பை வெறுத்து உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அதன் பிறகு எஞ்சியவர்களைக் கூட்டி அவர் கற்பித்தது மூச்சுத் தியானம். இந்த நிகழ்ச்சியை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதற்காகவே அந்த நூல்கள்மேல் எனக்கு மதிப்பு அதிகம்.

ஆகவே, கடும் மனச்சோர்வில் இருப்பவர்கள், செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்து போகிறவர்கள், சமீபத்தில் விபத்திலோ தற்கொலையிலோ ஒருவரை இழந்தவர்கள் மரணசதியைத் தாமாகத் தொடங்க வேண்டாம். முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம்.

அப்பாவுக்குப் புற்றுநோய். வலியில் துடிக்கிறார். தியானம் சொல்லிக்கொடுத்தால் வலி குறையுமா?

முதலில் வலிக்கு மருந்து. துடித்துக்கொண்டிருப்பவரிடம் போய் மூச்சைக் கவனியுங்கள் என்று சொல்வது கொடுமை. புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் மாத்திரை நல்ல மருந்து. மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்தால் பெரும்பாலானோருக்கு வலி கட்டுக்குள் வருகிறது. "அடிமையாகிவிடுவார்", "அது கடைசியில் கொடுக்கிற மருந்து" என்று பயந்து பாதி மாத்திரை கொடுக்கும் வீடுகள் இன்றும் நிறைய. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 2014இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிலையங்களில் இது கிடைப்பதை எளிதாக்கியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கு வந்து செய்யும் ஆதரவு சிகிச்சை உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

வலி அடங்கிய பிறகு பயிற்சிக்கு இடம் இருக்கிறது. சாகும் நிலையில் இருப்பவர்களைக் கவனிக்க லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், சாகும் மனிதரின் வலியில் உடம்பு, மனம், குடும்பம், ஆன்மா எல்லாம் பின்னிக் கிடக்கின்றன என்று சொல்லி வந்தார். மாத்திரை உடம்பின் பங்கைக் குறைக்கும். "நாளைக்கு இன்னும் கூடுமோ", "கடைசிப் பெண்ணின் கல்யாணத்தைப் பார்க்க மாட்டேனோ" என்ற பங்குக்குத்தான் கவனமும் துணையும் உதவுகின்றன. எவ்வளவு உதவும் என்று கேட்டால், அடக்கமாகவே சொல்ல வேண்டும்: 47 ஆய்வுகளில் பங்கேற்ற 3,500க்கும் மேற்பட்டவர்களின் முடிவுகளை 2014இல் அமெரிக்காவில் தொகுத்துப் பார்த்தபோது, பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றிலும் மிதமான பலன் தெரிந்தது. மிதமான பலன்தான், ஆனால் அது உண்மையான பலன்.

"அவருக்கு மட்டும் தெரியக் கூடாது" என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். அப்புறம் எப்படி அவரோடு இதைப் பேசுவது?

பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. உடம்பு அவருடையது. நாமும் வார்டு பெயர்ப் பலகையை மறைத்து நின்றுகொள்கிறோம், மருந்துச் சீட்டைக் கிழித்து ஒளித்துவிடுகிறோம். அவரோ நம் மனம் நோகக் கூடாது என்று தெரியாததுபோல் இருக்கிறார். கட்டிலின் இரு பக்கமும் இருப்பவர்கள் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்து இருவரும் தனியாகிவிடுகிறார்கள்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போட்டு உடைக்கவும் கூடாது. கேள்வியாகத் தொடங்குங்கள்: "டாக்டர் சொன்னதில் உங்களுக்கு என்னப்பா புரிந்தது?" பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். அவர் பேச்சை மாற்றினால் விட்டுவிடுங்கள், இன்னொரு நாள் பார்க்கலாம். "நான் தேறுவேனா?" என்று நேராகக் கேட்டால், பொய் சொல்லாதீர்கள். "முழுசாகத் தேறுவது கஷ்டம் என்கிறார்கள். ஆனால் வலி இல்லாமல் பார்த்துக்கொள்வோம், நான் இங்கேதான் இருப்பேன்" என்று சொல்லலாம். அந்த நேரத்தில் உங்கள் பாதங்கள் தரையில் இருப்பதை உணர்ந்துகொண்டிருங்கள். மேலே சொன்ன பயிற்சிக்கு முதல் தேர்வு இங்கேதான் வரும்.

பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன பேசுவது என்றே தெரியவில்லை.

பேசத்தான் வேண்டும் என்று யார் சொன்னது? கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள். அவருடைய மார்பு ஏறி இறங்குவதைப் பாருங்கள். அவர் மூச்சு வெளியே விடும்போது உங்களுடையதையும் மெல்ல விடுங்கள். அவருக்குப் பிடித்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், உங்கள் கை அவர் கைக்கு அடியில் இருக்கட்டும்; விலக்க வேண்டுமானால் அவரால் விலக்க முடியும். ஊர்க் கதை பேசத் தோன்றினால் பேசுங்கள். மாடு கன்று போட்டதைக் கேட்க ஆசைப்பட்ட பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

"தைரியமாக இருங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது அவர் வாயை அடைத்துவிடும்.

கடைசியில் மூச்சு இழுக்கிறது, தொண்டையில் கரகரக்கிறது. பார்க்கவே முடியவில்லை. அவர் கஷ்டப்படுகிறாரா?

இந்தக் கேள்விக்கு முன்கூட்டியே பதில் தெரிந்திருந்தால் பாதிப் பயம் குறையும். கடைசி நாள்களில் மூச்சு சீராக இருக்காது. வேகமாக வாங்கும், பிறகு மெல்ல அடங்கும், சில நொடிகள் நின்றே போகும், மறுபடி தொடங்கும். விழுங்கும் சக்தி குறைவதால் எச்சிலும் சளியும் தொண்டையில் தங்கிக் கரகரவென்று சத்தம் வரும். கேட்கிற நமக்குத் தாங்காது. ஆனால் நினைவு மங்கிய நிலையில் அவருக்கு அது பெரும்பாலும் தெரிவதில்லை என்பதே மருத்துவர்களின் கருத்து. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் சத்தம் குறையும். முகத்தைச் சுளிக்கிறார், மூச்சுக்குத் திணறுகிறார் என்றால் அது வேறு. உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள், மருந்து இருக்கிறது.

உறவினர்கள் வரிசையாக வந்து பால் ஊற்றுவது நம் ஊர் வழக்கம். விழுங்க முடியாதவர் வாயில் ஊற்றும் பால் மூச்சுக்குழாய்க்குள் போய்ப் புரையேறும். சடங்கை நிறுத்தச் சொல்லிச் சண்டை போட வேண்டாம். சுத்தமான பஞ்சைப் பாலிலோ தண்ணீரிலோ நனைத்துப் பிழிந்து, உதட்டை மட்டும் ஈரப்படுத்தச் சொல்லுங்கள். வந்தவர்களுக்கும் மனம் ஆறும், வறண்ட உதட்டுக்கும் இதமாக இருக்கும். சாப்பிடாமல் கிடக்கிறாரே என்று குமுறாதீர்கள். அந்தக் கட்டத்தில் உடம்பு சோறு கேட்பதில்லை.

கண் திறக்காதவரிடமும் பேசுங்கள். 2020இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எதற்கும் அசையாத நிலைக்குப் போன நோயாளிகளின் மூளையை அவர்களின் கடைசி மணி நேரங்களில் பதிவு செய்தபோது, சிலருக்கு ஒலிகளுக்கு மூளை இன்னும் எதிர்வினை காட்டியது தெரிந்தது. சொத்துத் தகராறை அந்த அறையில் பேசாமல் இருக்க இதுவே போதுமான காரணம்.

இரவெல்லாம் பக்கத்திலேயே இருந்தேன். டீ குடிக்கப் போன நேரத்தில் உயிர் போய்விட்டது. என்னை மன்னிக்கவே முடியவில்லை.

இப்படி நடப்பது மிக மிகச் சாதாரணம். நீங்கள் இருந்த இரவுகள் அந்த ஐந்து நிமிடத்தால் அழிந்துவிடுவதில்லை. "போயிருக்கக் கூடாது" என்ற எண்ணம் வரும்போது அதோடு வாதாட வேண்டாம். அது உடம்பில் எங்கே அழுத்துகிறது என்று பாருங்கள். அங்கே இரண்டு மூன்று மூச்சு தங்குங்கள். எண்ணம் நாளைக்கும் வரும். வரட்டும்.

துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் என்கிறார்கள். ஒரு வருடம் ஆகியும் நான் இன்னும் அழுகிறேன். மாட்டிக்கொண்டேனா?

மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற அந்த ஐந்தையும் 1969இல் மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் எழுதியது, சாகப்போகும் நோயாளிகளோடு பேசியதிலிருந்து. பிரிந்தவரை நினைத்து அழுகிறவர்கள் ஒவ்வொன்றாகத் தேர்ச்சி பெற வேண்டிய வகுப்புகளாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். வருஷத் திவசம் முடிந்தும் கண்ணீர் வருவது நோய் அல்ல. வேலைக்குப் போக முடியாமல், சாப்பிட முடியாமல், வாழ்வதில் பொருளில்லை என்று மாதக்கணக்கில் தோன்றினால் மேலே கொடுத்த எண்ணை அழையுங்கள்.

ஏற்றுக்கொள்வது என்றால் சிகிச்சையை விட்டுவிடுவதா? பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் விட்டோம் என்று ஊர் சொல்லாதா?

மணிமேகலைக் காப்பியத்தில் கோதமை என்ற தாய் வருகிறாள். புகார் நகரின் சுடுகாட்டில் பயந்து ஓடி வந்து உயிர்விட்ட மகன் சார்ங்கலனைத் தூக்கிக்கொண்டு, என் உயிரை எடுத்துக்கொண்டு இவனைக் கொடு என்று சம்பாபதித் தெய்வத்திடம் மன்றாடுகிறாள். முடியாது என்றால் அவள் கேட்பதாக இல்லை. தேவர்கள் அத்தனை பேரையும் சம்பாபதி வரவழைக்கிறாள். அவர்களும் அதையே சொல்கிறார்கள். அடுத்த ஊரில் பெரிய ஆஸ்பத்திரி, அதற்கடுத்த ஊரில் இன்னும் பெரியது என்று ஆம்புலன்ஸில் அலையும் குடும்பங்களைப் பார்க்கும்போது கோதமை நினைவுக்கு வருகிறாள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எல்லோரிடமும் கேட்டுப் பார்த்தாக வேண்டும் என்ற தவிப்பு அது.

குணமாகும் வாய்ப்பு இருக்கும்வரை சிகிச்சை செய்யுங்கள். ஏற்றுக்கொள்வது அதற்குத் தடையே இல்லை. அடுத்த சிகிச்சையைத் தீர்மானிக்கும் முன் மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள்: "இது அவருக்கு நல்ல நாள்களைத் தருமா, படும் பாட்டை நீட்டுமா?" பதிலைக் கேட்கும்போது உங்கள் நெஞ்சு படபடப்பதைக் கவனித்து, அது சற்று அடங்கிய பிறகு முடிவெடுங்கள். பயத்தின் வாயிலிருந்து வரும் "எல்லாம் செய்யுங்கள்" வேறு, யோசித்துச் சொல்லும் "செய்யுங்கள்" வேறு.

வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா என்பதை அவரே நல்ல நினைவோடு இருக்கும்போது எழுதி வைக்கவும் வழி உண்டு. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதை அனுமதித்தது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும் என்றது. ஊர் வாய்க்கும் அதுவே பதில்: அவர் விருப்பம் இது.

இவ்வளவு பழகியும் கடைசி நேரத்தில் நான் பயந்து அலறிவிட்டால்?

அப்படியும் நடக்கலாம். வருடக்கணக்கில் தியானம் செய்தவர்கள் கலங்குவதையும், ஒரு நாளும் கண்மூடி உட்காராதவர்கள் அமைதியாகப் போவதையும் பார்த்திருக்கிறேன். உடம்பில் உப்பின் அளவு மாறினாலோ, ஆக்சிஜன் குறைந்தாலோ, நோய்த்தொற்று மூளையைக் கலக்கினாலோ மனிதர் பிதற்றுவார், கையை வீசுவார். அதை வைத்து அவர் வாழ்ந்த வாழ்க்கைக்கோ பயிற்சிக்கோ மதிப்பெண் போடக் கூடாது. அந்தக் கலக்கத்துக்கும் மருந்து உண்டு.

உங்களுக்காகச் செய்துகொள்ள வேண்டியது ஒன்றிருக்கிறது. நீங்கள் பயப்படும்போது யார் பக்கத்தில் இருந்தால் நல்லது என்று இப்போதே யோசித்து, அவரிடம் சொல்லி வையுங்கள். என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்: தேவாரம் படிக்கவா, பேசாமல் கையைப் பிடித்துக்கொள்ளவா, விளக்கை எரிய விடவா, அணைக்கவா. ஒரு தாளில் எழுதிக் குடும்ப அட்டை இருக்கும் பையிலேயே வைத்துவிடுங்கள், தேடும்போது கிடைக்கும்.